நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணவருக்கு வேலை விசா, மனைவிக்குத் துணை விசா, வந்து சில மாதம்தான் ஆகிறது. 20 வார ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘லோ-லையிங் பிளாசென்டா’ என்றோ ‘பிளாசென்டா பிரீவியா’ என்றோ எழுதியிருக்கிறது (பிளாசென்டா என்பதுதான் நஞ்சுக்கொடி). இந்த நிலையில் இருப்பவர்களுக்கானது இது. வைத்தியம் என்ன என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். அவரிடம் எதைக் கேட்பது, எந்தத் தாளை எப்போது தயார் செய்வது, எந்தச் செலவு எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம். ரத்தப்போக்கு பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வரும். அந்த ராத்திரியில் உட்கார்ந்து தாள் தேட முடியாது. ஆகவே 28 வாரத்துக்குள் இதில் பெரும்பகுதியை முடித்துவிடப் பாருங்கள்.

1. ரிப்போர்ட்டில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்

முதலாவது, தூரம். நஞ்சுக்கொடியின் விளிம்புக்கும் கருப்பையின் உள்வாய்க்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்? 20 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் ‘லோ-லையிங்’. வாயையே மூடியிருந்தால் ‘பிரீவியா’. ரிப்போர்ட்டில் எண் இல்லாமல் வெறுமனே ‘லோ’ என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். 20 வாரத்தில் கீழே தெரிந்தவற்றில் பெரும்பாலானவை, கருப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர, மேலே போய்விடும். அதனால் இப்போதே தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஆனால் 32 வாரத்தில் மறு ஸ்கேன் கட்டாயம். அப்போதும் கீழேயே இருந்தால் 36 வாரத்தையொட்டி இன்னொன்று.

இரண்டாவது, முன்புறமா பின்புறமா. முதல் குழந்தை ஊரில் சிசேரியனில் பிறந்திருந்தால் இதுதான் மிக முக்கியமான வரி. பழைய தையல் தழும்பின் மேல் நஞ்சுக்கொடி வேர்விட்டு, பிரசவத்தின்போது பிரியாமல் போகலாம். இதை ‘அக்ரீட்டா’ என்பார்கள். பிரீவியாவும் இருந்து, முன்பு ஒரு சிசேரியன் நடந்திருந்தால் இதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 11 சதவீதம் என்றும், இரண்டு நடந்திருந்தால் 40 சதவீதம் என்றும் பெரிய ஆய்வொன்று கணக்கிட்டது. ‘அக்ரீட்டா இல்லை என்று பார்த்தீர்களா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். சந்தேகம் என்றால் ஃபீட்டல் மெடிசின் (கருவில் இருக்கும் குழந்தைக்கான மருத்துவம்) நிபுணரிடம் தனி ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தொப்புள்கொடி எங்கே சேர்கிறது, குழந்தையின் ரத்தக்குழாய் ஏதாவது வாய்க்குக் குறுக்கே ஓடுகிறதா என்பது. இதன் பெயர் ‘வாசா பிரீவியா’. அரிதுதான். ஆனால் பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாய் கிழிந்தால் போவது குழந்தையின் ரத்தம். நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது என்று சொன்ன பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

தூரத்தைச் சரியாக அளக்க யோனி வழி ஸ்கேன் தேவை. நம் பெண்கள் பலர் ‘அதனால் ரத்தம் வந்துவிடும்’ என்று பயந்து மறுத்துவிடுகிறார்கள். அந்தக் கருவி கருப்பைவாய்க்குள் நுழைவதில்லை, அதனால் ஆபத்து இல்லை. ஆபத்தானது விரலை விட்டுச் சோதிப்பது. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஷிஃப்ட், எந்த நர்ஸாக இருந்தாலும் நீங்கள் வாயைத் திறந்து சொல்லும் முதல் வாக்கியம் ‘எனக்குப் பிரீவியா, விரல் சோதனை வேண்டாம்’ என்பதாக இருக்கட்டும்.

இன்னொன்று: ஆணா பெண்ணா என்று இங்கே ஸ்கேன் எடுப்பவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். தெரிய வேண்டாம் என்றால் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

2. ஊரிலிருந்து வரவழைக்க வேண்டியவை

முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பும் வேண்டும். கருப்பையைக் குறுக்காக வெட்டினார்களா நெடுக்காகவா, ரத்தம் ஏற்றினார்களா, நஞ்சுக்கொடியைக் கையால் எடுக்க வேண்டி வந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஊர் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் அறைக்கு யாராவது நேரில் போனால்தான் பெரும்பாலும் கிடைக்கும், போனில் நடக்காது. அப்பாவையோ தம்பியையோ இப்போதே அனுப்புங்கள், ஸ்கேன் செய்து வாட்ஸாப்பில் வந்தாலே போதும்.

முன்பு கருக்கலைப்போ, டி அண்ட் சியோ, கட்டி அகற்றும் ஆபரேஷனோ நடந்திருந்தால் மறைக்காதீர்கள். புகுந்த வீட்டுக்குத் தெரியாத விஷயம் என்றால் டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், இங்கே அதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் ரத்தம் கசியும் ஒவ்வொரு முறையும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று கேட்க வேண்டும். கசிவு நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் இந்த ஊசி தவறிப்போகும்.

3. அரசு ஆஸ்பத்திரி வழி

மெடிக்கல் எய்டில் (மாதச் சந்தா கட்டிச் சேரும் தனியார் மருத்துவத் திட்டம்) இல்லாத கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் இலவசம். இது 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2023-இல் ஜோஹன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்படியும் வரவேற்பு மேசையில் முன்பணம் கேட்கப்படுவது உண்டு. சண்டை போடாமல், சட்டத்தின் பெயரைச் சொல்லி, மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ரத்தப்போக்கோடு வந்தவரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அவசர சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவு. மெடிக்கல் எய்ட் இருந்தும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொடங்குவது பக்கத்துக் கிளினிக்கில்தான். பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், முகவரிச் சான்று, ஸ்கேன் ரிப்போர்ட் ஆகியவற்றோடு காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். கையில் சாப்பாடு இருக்கட்டும், பாதி நாள் அங்கே போய்விடும். ‘மெட்டர்னிட்டி கேஸ் ரெக்கார்ட்’ என்ற பதிவேட்டைத் தருவார்கள். அது உங்களிடம்தான் இருக்கும், வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் கைப்பையில் இருக்க வேண்டும். முதல் வருகையிலேயே எச்ஐவி பரிசோதனை செய்வார்கள், பின்பும் திரும்பச் செய்வார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமானது, உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல.

நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரி மாதிரியான உயர்நிலை மையங்கள் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பார்ப்பதில்லை. கிளினிக்கிலிருந்து சாட்ஸ்வர்த்தின் ஆர். கே. கான், ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி போன்ற ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து தேவைப்பட்டால் மேலேயும் போவதுதான் முறை. பிரீவியா என்றால் கிளினிக்கிலேயே மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள். ‘ஹை ரிஸ்க் கிளினிக்குக்குக் கடிதம் வேண்டும்’ என்று கேட்டு வாங்குங்கள்.

போனில் *134*550# என்று அடித்து மாம்கனெக்ட்டில் (கர்ப்பிணிகளுக்கு அரசு அனுப்பும் தகவல் சேவை) பதிந்துகொள்ளலாம், இலவசம். தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் தேர்ந்தெடுங்கள்.

4. தனியார் வழியும் மெடிக்கல் எய்டும்

பணம் அதிகம் போவதும், ஏமாற்றம் அதிகம் நடப்பதும் இங்கேதான். முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது உண்மையில் மெடிக்கல் எய்டா? ‘ஹாஸ்பிட்டல் கேஷ் பிளான்’ என்று மலிவாக விற்பது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காப்பீடு. சிசேரியனோடு குழந்தை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கும் பில்லுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. ஊரில் எடுத்து வந்த பயணக் காப்பீடும் பொதுவாகப் பிரசவத்தைத் தொடாது.

இரண்டாவது, காத்திருப்புக் காலம். 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி புதிய உறுப்பினருக்குப் பொதுவாக 3 மாதமும், ஏற்கெனவே இருக்கும் நிலைக்கு 12 மாதமும் விலக்கு, அதாவது பலன் தராத காலம், வைக்கலாம். கர்ப்பமான பிறகு சேர்ந்தால் கர்ப்பமும் ‘ஏற்கெனவே இருக்கும் நிலை’தான். கடைசி 90 நாளில் இந்த நாட்டு மெடிக்கல் எய்ட் எதிலும் இல்லாதவர்களுக்கு, அதாவது புதிதாக வந்த நம்மவர்களுக்கு, அந்தக் காலத்தில் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்கள்கூட (எந்தத் திட்டமும் சட்டப்படி தந்தே தீர வேண்டியவை) கிடைக்காமல் போகலாம். ஆனால் கம்பெனி வழியாகக் குழுவாகச் சேரும்போது சில திட்டங்கள் இதைத் தள்ளுபடி செய்வது உண்டு. எச்ஆர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். மனைவியின் பெயருக்கு எந்த விலக்கும் இல்லை என்று திட்டத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். விலக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அன்றே அரசுக் கிளினிக்கிலும் பதிந்துவிடுங்கள்.

மூன்றாவது, ‘100 சதவீதம்’ என்ற சொல். அது டாக்டர் போடும் பில்லில் 100 சதவீதம் அல்ல, திட்டம் தானே வைத்திருக்கும் கட்டணத்தில் 100 சதவீதம். நிபுணர்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போடுவது சகஜம், மிச்சம் உங்கள் தலையில். கைனி (மகப்பேறு டாக்டர்), மயக்க மருந்து டாக்டர், துணை அறுவை டாக்டர், குழந்தை டாக்டர் என்று நான்கு தனித்தனி பில் வரும். ஆஸ்பத்திரி, பரிசோதனைக்கூடம், ரத்த வங்கி வேறு. 30 வாரத்துக்குள் நால்வரிடமும் எழுத்து மதிப்பீடு கேளுங்கள். இந்த இடைவெளிக்கென்றே ‘கேப் கவர்’ விற்கிறார்கள். அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு, கர்ப்பம் தெரிந்த பிறகு வாங்கிப் பயன் இருக்காது.

நான்காவது, நோய்க் குறியீடு. ரத்தப்போக்கு இல்லாத பிரீவியா ஓ44.0, ரத்தப்போக்கோடு என்றால் ஓ44.1, ஒட்டிப்போன நஞ்சுக்கொடி ஓ43.2, முன்கூட்டியே பிரிவது ஓ45. எல்லாவற்றிலும் முதலில் வருவது ஆங்கில ஓ எழுத்து, பூஜ்யம் அல்ல. பில்லில் ‘சாதாரணக் கர்ப்பக் கண்காணிப்பு’ என்ற குறியீடு விழுந்தால் கூடுதல் ஸ்கேன்கள் திட்டத்துக்குள் உங்களுக்கு இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழியும். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கான பிரசவ சிகிச்சை குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். திட்டம் குறித்துக் கொடுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, அவசரத்தில் வேறு எங்கும் போக வழியில்லாமல் சேர்ந்தாலோ முழுத்தொகையும் திட்டம்தான் தர வேண்டும். மறுத்தால் முதலில் திட்டத்திடம் எழுத்துப் புகார், அடுத்தது இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் திட்டத்திடம் ‘ஆத்தரைசேஷன்’ (முன் அனுமதி) எண் வாங்க வேண்டும். அவசரத்தில் முடியாவிட்டால் அடுத்த வேலைநாளிலாவது கணவர் கூப்பிட்டு வாங்கிவிட வேண்டும்.

5. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம்

செகுண்டா, லெபலாலே, நியூகாசில் போன்ற ஊர்களில் இருக்கும் குடும்பங்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டால் போதாது. ராத்திரி 2 மணிக்கு ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், 34 வாரக் குழந்தையைப் பார்க்கும் வசதி ஆகிய நான்கும் அங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் 32 வார ஸ்கேன் முடிந்ததும் ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் என எங்கே பிரசவமோ அங்கே, ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரத்துக்குள், ஓர் அறை பாருங்கள். ஒரு முறையாவது ரத்தம் வந்தவர்கள் அதற்கும் முன்பே. வாடகை வலிக்கும்தான். ஆனால் என்3 சாலையில் லாரிகள் நின்றுபோனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் 80 கிலோமீட்டருக்கும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

‘ஊருக்கே போய்விடலாம்’ என்று நினைப்பவர்கள் 24 வாரத்துக்குள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். பொதுவாக விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும், 36-க்கு மேல் ஏற்றாது. ரத்தம் கசிந்தவரை அதற்கு முன்பே டாக்டர்கள் தடுத்துவிடுவார்கள்.

அம்மாவை வரவழைப்பதானால் விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கணக்குப் போடும்போது பிரசவத் தேதி 40 வாரம் அல்ல, 36 என்று வையுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ரத்தம் வந்தால்

வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பில் வருவது பிரீவியாவின் அடையாளம். முதல் முறை பெரும்பாலும் கொஞ்சமாக வந்து தானே நின்றுவிடும், அதுதான் ஏமாற்றும். அடுத்தது எப்போது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நின்றாலும் போக வேண்டும்.

வயிறு பலகை மாதிரி கெட்டியாகி, விடாமல் வலித்தால் நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம். இதில் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். பேடில் ஒன்றும் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வயிற்றில் அடிபட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குழந்தை அசைவு குறைந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. தனியாரில் நெட்கேர் 911 என்பதற்கு 082 911, ஈஆர்24 என்பதற்கு 084 124. உங்கள் திட்டம் எந்த ஆம்புலன்ஸோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று முன்பே பாருங்கள், மாற்றிக் கூப்பிட்டால் பில் உங்களுக்கு. தாமதமாகும் என்றால் யாராவது காரில் அழைத்துப் போகட்டும், நீங்களே ஓட்ட வேண்டாம். போகும் வழியில் எதுவும் சாப்பிடக் கூடாது, நேராகத் தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். நனைந்த பேடுகளைத் தூக்கிப்போடாமல் பையில் எடுத்துப் போங்கள், அளவு தெரிய அதுதான் வழி.

கதவருகே ஒரு கோப்பு இருக்கட்டும்: கேஸ் ரெக்கார்ட் அல்லது டாக்டரின் சுருக்கக் கடிதம், கடைசி ஸ்கேன், ரத்த வகை, பாஸ்போர்ட்டுகள், மெடிக்கல் எய்ட் அட்டை, பழைய ஆபரேஷன் குறிப்பு.

7. அதுவரை வீட்டில்

‘படுக்கையை விட்டு எழாதே’ என்று போனில் எல்லோரும் சொல்வார்கள். முழுப் படுக்கை ஓய்வு நஞ்சுக்கொடியை மேலே ஏற்றாது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தைத்தான் கூட்டும். கனமான தூக்கல், தாம்பத்திய உறவு இரண்டையும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்துங்கள், மற்றபடி மெதுவாக நடமாடலாம். விளக்கெண்ணெய், பிரசவக் கஷாயம், வயிறு நீவுவது எதுவும் வேண்டாம்.

உண்மையில் உங்கள் கையில் இருப்பது ஹீமோகுளோபின். 12-இல் இருப்பவர் இழக்கும் ரத்தமும் 9-இல் இருப்பவர் இழக்கும் ரத்தமும் உடம்புக்கு ஒன்றல்ல. இரும்பு மாத்திரையைக் காபி, டீ, பால் இவற்றோடு போடாதீர்கள். இங்கே கூடவே கொடுக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரையால் ஏறாவிட்டால் நரம்பு வழி இரும்பு ஏற்ற முடியுமா என்று 30 வாரத்துக்குள் கேளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் அது வேலை செய்ய நாள் இருக்காது.

8. நாள் குறிப்பதும் ஆபரேஷனும்

ரத்தப்போக்கே இல்லாத பிரீவியாவுக்குப் பொதுவாக 36 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன். ரத்தம் வந்தவர்களுக்கும் அக்ரீட்டா, வாசா பிரீவியா இருப்பவர்களுக்கும் 34-லிருந்தே பேச்சு தொடங்கும். நல்ல நாள், நட்சத்திரம் பார்ப்பவர்கள் டாக்டர் கொடுக்கும் இரண்டு மூன்று தேதிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டித் தள்ளக் கேட்காதீர்கள்.

குழந்தையின் நுரையீரலுக்காக பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போடுவார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அடுத்த சில நாள் சர்க்கரை எகிறும். மருந்தளவை முன்கூட்டியே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ரத்தத்துக்காக ஊரில் செய்வதுபோலச் சொந்தக்காரர்களைத் திரட்டி நிறுத்த வேண்டாம். இங்கே தன்னார்வக் கொடையாளர்களின் ரத்தம்தான், பதிலுக்குக் கொடு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ரத்தத்துக்குப் பில் உண்டு. அன்றைய தினம் எத்தனை யூனிட் பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒப்புதல் படிவத்தில் கருப்பையை எடுக்க நேரலாம் என்ற வரி இருக்கும். மேசையில் படுத்துக்கொண்டு முதல் முறையாக அதைப் படிக்கும் நிலை வரக் கூடாது. முந்தைய வாரமே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதையும் சேர்த்தே.

9. பிறந்த பிறகு: 30 நாள்

இரண்டு வேலைக்கு 30 நாள்தான். குழந்தையை மெடிக்கல் எய்டில் சேர்ப்பது ஒன்று. விட்டால் பிறந்த நாளிலிருந்து பலன் கிடைக்காது, என்ஐசியூவில் இருக்கும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகம்) பிறப்பைப் பதிவது மற்றொன்று. ஆஸ்பத்திரி தரும் பிறப்பு அத்தாட்சி, டிஎச்ஏ-24 படிவம், இருவரின் பாஸ்போர்ட்டும் விசாவும், பதிவுத் திருமணச் சான்று ஆகியவை வேண்டும். கோயில் கல்யாண ரசீது செல்லாது. சான்றில் பெயர் எழுத்தும் தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். நம் முதலெழுத்தும் அப்பா பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் மாறி விழுவது மிகச் சாதாரணம், பின்னால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வராது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து, பாஸ்போர்ட் வாங்கி, அதன் மேல் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். துணைத் தூதரகங்கள் ஜோஹன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுனில் இருக்கின்றன.

மனைவியும் இங்கே வேலையில் இருந்தால் சம்பளச் சீட்டில் யூஐஎஃப் (பேறுகாலப் பணமும் தரும் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டவரிடமும் 2018 முதல் பிடிக்கிறார்கள். 13 வாரமாவது வேலையில் இருந்திருந்தால் 17.32 வாரத்துக்குச் சம்பளத்தில் 66 சதவீதம் கிடைக்கும். கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 17,712 ராண்ட். பேறுகால விடுப்பு 2025 அக்டோபர் வரை தாய்க்கு 4 மாதம்; இப்போது இருவரும் வேலையில் இருந்தால் இருவருக்கும் சேர்த்து 4 மாதமும் 10 நாளும். வழக்கமாகப் பிரசவத்துக்கு 4 வாரம் முன்பு தொடங்கலாம், டாக்டர் சான்று கொடுத்தால் அதற்கும் முன்பே. பிரீவியாவில் அந்தச் சான்றை ஆஸ்பத்திரியில் சேரும் முதல் நாளிலேயே தேதி போட்டு வாங்கி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு போய்ப் பழைய தேதி போட்டுக் கேட்டால் பலரும் தர மாட்டார்கள்.